எலக்ட்ரான் அமைப்பு எழுதுவது எப்படி? மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பிளஸ் ஒன் தமிழ்வழி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லித்தருகிறேன். எலக்ட்ரான் அமைப்பு பாடம் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் வந்து நிற்கின்றன. தனிம வரிசை அட்டவணை, வேதிப்பிணைப்பு, அயனிகள் என்று அடுத்து வருகிற பாடமெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. இங்கே புரியாமல் போன பிள்ளை அங்கேயும் தடுமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: புத்தகத்தில் ஆர்பிட்டால்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இங்கே எஸ், பி, டி, எஃப் என்று தமிழிலேயே எழுதுகிறேன். விடைத்தாளில் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள். இலங்கைப் பாடநூல்களில் இதே பாடம் 'இலத்திரன் நிலையமைப்பு' என்ற பெயரில் இருக்கும், விஷயம் ஒன்றுதான்.

எலக்ட்ரான் அமைப்புன்னா என்ன மிஸ்? இதை எதுக்கு எழுதணும்?

ஓர் அணுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி எந்தக் கூட்டில் (ஆற்றல் மட்டத்தில்), அந்தக் கூட்டின் எந்தப் பிரிவில், அதாவது எந்தத் துணைக்கூட்டில், எத்தனை எத்தனை இருக்கின்றன என்று எழுதிவைக்கும் கணக்குதான் எலக்ட்ரான் அமைப்பு. சோடியத்துக்கு அணு எண் 11. அதன் பதினோரு எலக்ட்ரான்களை 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என்று எழுதுகிறோம். முதலில் வரும் எண் கூடு, நடுவில் வரும் எழுத்து துணைக்கூடு, தலைக்குமேல் வரும் சிறிய எண் அதில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை.

எதுக்கு என்றால், அந்தக் கடைசி 3எஸ்¹ ஒன்றைப் பார்த்தாலே சோடியம் ஓர் எலக்ட்ரானை எளிதில் இழக்கும், ஒற்றை நேர்மின்சுமை அயனி ஆகும், லித்தியமும் பொட்டாசியமும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது என்றெல்லாம் சொல்லிவிடலாம். சோதனைக்குழாயைத் தொடாமலே சொல்லலாம்.

நாங்க கீழ் வகுப்புல 2, 8, 1-ன்னு எழுதினோமே. அது தப்பா?

தப்பில்லை. அது கூடுவாரிக் கணக்கு, இது கூட்டுக்குள்ளே பிரித்த கணக்கு. சோடியத்தின் 2, 8, 1-ல் நடுவில் இருக்கும் 8 என்பது 2எஸ்²-ம் 2பி⁶-ம் சேர்ந்தது. எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் சுற்றுகின்றன என்ற நீல்ஸ் போரின் மாதிரி 1913-ல் வந்தது. ஒரே கூட்டுக்குள் ஆற்றல் வேறுபாடு இருப்பதை அது சொல்லவில்லை. பின்னால் வந்த குவாண்டம் இயக்கவியல் சொன்னது.

பழைய முறையில் ஒரு சங்கடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் கூட்டில் 18 வரை இடம் உண்டு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பொட்டாசியத்தை 2, 8, 9 என்று எழுதாமல் 2, 8, 8, 1 என்று எழுதச் சொன்னார்கள். ஏன் என்று அப்போது கேட்டவர்களுக்கு இந்தப் பாடத்தில்தான் பதில் கிடைக்கும்.

ஆர்பிட், ஆர்பிட்டால் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஆர்பிட் என்பது போர் மாதிரியின் வட்டப்பாதை. ரயில் தண்டவாளம்போல எலக்ட்ரான் அதன்மேலேயே போகும் என்ற எண்ணம். ஆர்பிட்டால் என்பது, எலக்ட்ரான் இருப்பதற்கு வாய்ப்பு மிகுந்த வெளி. அதற்குக் கோடு கிடையாது, வடிவம் உண்டு. எஸ் ஆர்பிட்டால் கோளவடிவம், பி ஆர்பிட்டால் இரண்டு மடல் கொண்ட வடிவம்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்தே வரும். துணைக்கூடு வேறு, ஆர்பிட்டால் வேறு. 2பி என்பது ஒரு துணைக்கூடு; அதற்குள் மூன்று ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. தெரு ஒன்று, அதில் வீடு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எஸ், பி, டி, எஃப்? வரிசையா எழுத்து வெச்சிருக்கலாமே?

இந்த எழுத்துகள் ஆர்பிட்டால் என்ற கருத்துக்கே முந்தியவை. உலோக ஆவிகளின் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் தோற்றத்தைப் பார்த்து 'ஷார்ப்', 'பிரின்சிபல்', 'டிஃப்யூஸ்', 'ஃபண்டமென்டல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூர்மையானது, முதன்மையானது, பரவலானது, அடிப்படையானது என்று பொருள். பிறகு அந்த முதலெழுத்துகள் துணைக்கூடுகளுக்கு ஒட்டிக்கொண்டன. எஃப்-க்கு அடுத்து ஜி என்று அகரவரிசையில் போகும், ஆனால் இதுவரை தெரிந்த 118 தனிமங்களின் அடி ஆற்றல் நிலையில் (ஆற்றல் மிகக் குறைந்த இயல்பு நிலையில்) எதற்கும் அது தேவைப்படவில்லை.

எஸ்-ல 2, பி-ல 6, டி-ல 10, எஃப்-ல 14. இதை மனப்பாடம்தான் பண்ணணுமா?

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஓர் ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்கள். அவற்றின் தற்சுழற்சி (ஸ்பின்) எதிரெதிராக இருக்க வேண்டும். கூடு, துணைக்கூடு, ஆர்பிட்டால், தற்சுழற்சி ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள்தான் ஓர் எலக்ட்ரானின் நான்கு குவாண்டம் எண்கள்; ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் இந்த நான்கும் ஒன்றாக இருக்க முடியாது என்று வோல்ஃப்காங் பௌலி 1925-ல் சொன்ன தவிர்ப்புத் தத்துவத்திலிருந்து வருவது இது. இதற்காகவே அவருக்கு 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் ஆர்பிட்டால்களின் எண்ணிக்கை: எஸ் ஒன்று, பி மூன்று, டி ஐந்து, எஃப் ஏழு. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வருகின்றன, பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கினால் 2, 6, 10, 14. கூட்டிக்கொண்டே போனால் 2, 8, 18, 32. இவைதான் கூடுகளின் கொள்ளளவு என்று நீங்கள் முன்பே படித்த எண்கள்.

2பி⁶-ல அந்த 6 அடுக்கு எண்ணா? வாய்விட்டுப் படிக்கிறப்போ எப்படிப் படிக்கணும்?

அடுக்கு எண் இல்லை. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டும்தான். 'இரண்டு பி ஆறு' என்று படியுங்கள். 'பி-யின் அடுக்கு ஆறு' என்று படிக்காதீர்கள். இதில் பெருக்கல் எதுவும் கிடையாது, கூட்டல் மட்டுமே. எழுதி முடித்ததும் மேலே உள்ள எண்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள், அணு எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. அரை நிமிடம் ஆகாத இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் மதிப்பெண்ணை விட்டவர்கள் நிறையப் பேர்.

ஆஃபா-ங்கிறவர் எந்த நாட்டு விஞ்ஞானி?

அப்படி யாரும் இல்லை. பௌலி மனிதர், கீழே வரப்போகும் விதிக்குரிய ஹூண்ட் மனிதர், அதனால் ஆஃபாவும் மனிதராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு ஜெர்மன் சொல். கட்டியெழுப்புதல் என்று பொருள். அஸ்திவாரத்திலிருந்து மேலே கட்டுவதுபோல ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலில் தொடங்கி ஒவ்வோர் எலக்ட்ரானாக வைத்துக்கொண்டே போவது ஆஃபா தத்துவம்.

நிரப்புற வரிசையை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? அம்புக்குறிப் படம் அடிக்கடி மறந்துபோகுது.

வரிசை இதுதான்: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி. அந்த அம்புக்குறிப் படத்தை, அதாவது சாய்கோட்டுப் படத்தை, வரைந்து இதை எடுக்கலாம். முதன்மைக் குவாண்டம் எண்ணோடு (கூடு எண்ணோடு) எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, எஃப்-க்கு 3 கூட்டியும் எடுக்கலாம். கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். 4எஸ்-க்கு 4+0=4, 3டி-க்கு 3+2=5; ஆகவே 4எஸ் முதலில். 4பி-க்கும் 4+1=5 வருகிறது. தொகை சமமாக வந்தால் கூடு எண் சிறியதற்கு முதலிடம், அதனால் 3டி முடிந்துதான் 4பி.

ஆனால் நான் பிள்ளைகளிடம் வலியுறுத்துவது மூன்றாவது வழியை. தனிம வரிசை அட்டவணையே இந்த வரிசைதான்! இடது ஓரத்து இரண்டு நெடுவரிசைகள் எஸ், வலது பக்கத்து ஆறு பி, நடுவில் உள்ள பத்து டி, அடியில் தனியாக வைத்திருக்கும் பதினான்கு எஃப். அதே 2, 6, 10, 14. ஹைட்ரஜனில் விரலை வைத்து, புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாக நகர்த்தி வாருங்கள். நான்காம் வரியில் பொட்டாசியம், கால்சியம் கடக்கும்போது 4எஸ். ஸ்கேண்டியத்திலிருந்து துத்தநாகம் வரை 3டி. காலியத்திலிருந்து கிரிப்டான் வரை 4பி. டி பகுதியில் மட்டும் வரி எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும், எஃப் பகுதியில் இரண்டைக் கழிக்க வேண்டும். இப்படி நாலு நாள் விரல் வைத்துப் பழகியவர்கள் அப்புறம் அம்புக்குறிப் படத்தைத் தேடுவதில்லை.

3 முடியாம எப்படி 4-க்குப் போகலாம்? 3டி-க்கு முன்னால 4எஸ் ஏன் வருது?

வெளிக்கூடு என்பதற்காக அதில் எல்லா ஆர்பிட்டாலும் ஆற்றல் கூடியது என்று ஆகிவிடாது. எஸ் எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் மிக அருகில் வரை ஊடுருவும் தன்மை உண்டு. அப்படி ஊடுருவும்போது உள்ளே இருக்கும் மற்ற எலக்ட்ரான்களின் மறைப்பு குறைந்து, கருவின் ஈர்ப்பை அதிகமாக உணர்கிறது. அதனால் ஆற்றல் இறங்குகிறது. டி எலக்ட்ரானுக்கு அந்த ஊடுருவல் மிகக் குறைவு. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் கீழேயும் 3டி மேலேயும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஹைட்ரஜன் அணுவில் மறைப்பதற்கு வேறு எலக்ட்ரானே இல்லை. அங்கே 3எஸ், 3பி, 3டி மூன்றுக்கும் ஒரே ஆற்றல்தான் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆக, வரிசை மாறுவதே எலக்ட்ரான்கள் பல இருப்பதால் வருகிற விளைவு.

ஒரு பெரிய அணுவை முழுசா எழுதிக் காட்டுங்க.

புரோமின், அணு எண் 35. கையில் 35 எலக்ட்ரான் இருப்பதாக வைத்துக்கொண்டு செலவு செய்துகொண்டே வாருங்கள். 1எஸ்²: மீதி 33. 2எஸ்²: மீதி 31. 2பி⁶: மீதி 25. 3எஸ்²: மீதி 23. 3பி⁶: மீதி 17. 4எஸ்²: மீதி 15. 3டி¹⁰: மீதி 5. அந்த ஐந்தும் 4பி-க்கு. 4பி-யில் ஆறு வரை இடம் இருக்கிறது, ஐந்துதான் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள். விடை: 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி¹⁰ 4பி⁵.

இந்தக் கணக்கில் ஒரு மாணவி 4எஸ்²-க்கு அடுத்து நேராக 4பி எழுதி, மிச்சமிருந்த எலக்ட்ரான்களை அதில் வைக்க முடியாமல் 4பி¹⁵ என்று போட்டிருந்தாள். கூட்டினால் 35 வருகிறது! எனவே கூட்டல் சரியாக வந்தால் மட்டும் போதாது. எந்த எண்ணும் அதன் கொள்ளளவைத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நோட்டில் 15-ஐ வட்டமிட்டு, 'பி தெருவில் எத்தனை பேர் தங்கலாம்?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவளே திருத்திக்கொண்டு வந்தாள்.

சதுர அடைப்புக்குள்ள ஆர்கான், நியான்னு எழுதறாங்களே, அது என்ன?

சுருக்கம். ஒரு தனிமத்துக்கு முன்னால் வரும் மந்த வாயு வரைக்குமான அமைப்பை, அந்த வாயுவின் பெயரால் அடைத்துவிடுகிறோம். சோடியம் [நியான்] 3எஸ்¹. புரோமின் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵. அடைப்புக்குள் மந்த வாயு மட்டுமே வரலாம். பாஸ்பரசை [மெக்னீசியம்] 3பி³ என்று எழுதினால் கணக்கு சரியாக இருந்தாலும் அந்த வழக்கம் கிடையாது, மதிப்பெண் கிடைக்காது. தேர்வில் 'முழுமையாக எழுதுக' என்று கேட்டிருந்தாலும் சுருக்கம் வேண்டாம்.

நைட்ரஜனுக்குப் பெட்டி போடறப்போ மூணு பெட்டியிலும் ஒவ்வொண்ணா ஏன் போடணும்? முதல் பெட்டியை நிரப்பிட்டு அடுத்ததுக்குப் போனா என்ன?

பெட்டி என்பது ஓர் ஆர்பிட்டால், அதில் போடும் அம்பு ஓர் எலக்ட்ரான், அம்பின் திசை அதன் தற்சுழற்சி. காரணம் ஹூண்ட் விதி. ஒரே ஆற்றல் உள்ள ஆர்பிட்டால்கள் பல இருந்தால், எல்லாவற்றிலும் ஒவ்வோர் எலக்ட்ரான் வந்த பிறகுதான் இணை சேரும். தனித்திருப்பவை எல்லாம் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்கும். நைட்ரஜனின் 2பி³-ல் மூன்று பெட்டி, மூன்று மேல்நோக்கிய அம்புகள். ஆக்சிஜனின் 2பி⁴-ல் நான்காவது அம்பு முதல் பெட்டிக்குத் திரும்பி வந்து கீழ்நோக்கி அமரும். தனித்த எலக்ட்ரான்கள் இரண்டு.

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் காலி சீட்டாகப் பார்த்துத் தனியாக உட்கார்வதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள அது போதும். ஆனால் காரணம் வேறு. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே ஆர்பிட்டாலில் நெருங்கியிருந்தால் மின்விலக்கம் அதிகம். தவிர, ஒரே திசைத் தற்சுழற்சி உள்ள எலக்ட்ரான்களுக்கிடையே பரிமாற்ற ஆற்றல் என்ற ஒன்று கிடைத்து அணுவின் ஆற்றல் இன்னும் தாழ்கிறது. இந்த இரண்டாவது காரணம் கீழே குரோமியம் வரும்போது மறுபடி தேவைப்படும்.

முதல் அம்பைக் கீழ்நோக்கிப் போட்டா மார்க் போயிடுமா?

மூன்றையும் கீழ்நோக்கிப் போட்டால் இயற்பியல்படி தப்பே இல்லை. மேல், கீழ் என்பது நாம் வைத்துக்கொண்ட அடையாளம். ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் போட்டால்தான் ஹூண்ட் விதியை மீறியதாகும். ஆனாலும் வழக்கப்படி மேல்நோக்கியே தொடங்குங்கள். விடைத்தாளைத் திருத்துகிறவரை யோசிக்கவைக்க வேண்டாம்.

இணைதிறன் எலக்ட்ரானைக் கண்டுபிடிக்க கடைசியா எழுதினதை மட்டும் பார்த்தா போதுமா?

போதாது. இணைதிறன் எலக்ட்ரான்கள் என்பவை பிணைப்பில் பங்கெடுக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். கடைசியாக எழுதியதை அல்ல, அதிகபட்சக் கூடு எண் உள்ள எல்லாவற்றையும் பாருங்கள். பாஸ்பரஸ் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி³. கடைசியில் 3 என்று இருப்பதைப் பார்த்து மூன்று என்று சொல்கிறவர்கள் அதிகம். மூன்றாம் கூட்டில் இருப்பது 2+3, ஐந்து. புரோமினிலும் நான்காம் கூட்டில் 4எஸ்² 4பி⁵, ஏழு. நிரம்பிய 3டி¹⁰ கணக்கில் வராது. டி பகுதியைச் சேர்ந்த இடைநிலைத் தனிமங்களில் மட்டும் நிரம்பாத டி எலக்ட்ரான்களும் பிணைப்பில் கலந்துகொள்ளும்.

ஹீலியம் 1எஸ்²-ன்னு முடியுது. அப்போ அது மெக்னீசியம் பக்கத்துல, இரண்டாம் தொகுதியில இருக்க வேண்டாமா?

எலக்ட்ரான் அமைப்பை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மெக்னீசியத்துக்கு 3எஸ்²-க்கு மிக அருகிலேயே காலியான 3பி இருக்கிறது. ஹீலியத்தின் முதல் கூட்டில் 1எஸ் தவிர வேறு எதுவுமே கிடையாது, கூடு முழுதாக நிரம்பிவிட்டது. குணத்தில் அது நியான், ஆர்கானோடுதான் சேரும். அதனால் 18-ஆம் தொகுதியில் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்னபடி விரல் வைத்துப் படிக்கும்போது ஹீலியத்தை மட்டும் மனதுக்குள் ஹைட்ரஜன் பக்கத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

குரோமியத்துக்கு விதிப்படி 3டி⁴ 4எஸ்²-ன்னு எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்?

உங்கள் விதி சரி, குரோமியம்தான் விதிவிலக்கு. உண்மையில் அது [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. அதேபோல் தாமிரம், அணு எண் 29, எதிர்பார்ப்பது 3டி⁹ 4எஸ்²; உண்மை 3டி¹⁰ 4எஸ்¹. முதல் 30 தனிமங்களில் இந்த இரண்டு மட்டும்தான் விதிவிலக்கு, ஆகவே தேர்வுக்கு இவற்றை மறக்கவே கூடாது.

காரணத்தைப் புத்தகம் 'சரிபாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய டி துணைக்கூடு அதிக நிலைப்புத்தன்மை உடையது' என்று ஒரே வரியில் சொல்லும். அதற்குப் பின்னால் இருப்பது ஹூண்ட் விதியில் பார்த்த பரிமாற்ற ஆற்றல். ஒரே திசையில் நிற்கும் எலக்ட்ரான்கள் நான்கு இருந்தால் அவற்றில் ஆறு ஜோடிகள் எண்ணலாம். ஐந்து இருந்தால் பத்து ஜோடிகள். நான்கு பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் எத்தனை என்ற அதே கணக்கு. ஜோடி கூடக்கூட ஆற்றல் தாழ்கிறது. போதாததற்கு 4எஸ்-ல் இணை சேர்வதால் வரும் விலக்கமும் குரோமியத்துக்கு மிச்சம். ஆறு எலக்ட்ரான்களும் தனித்தனியாக நிற்கின்றன.

அப்படின்னா கார்பன் ஏன் 2எஸ்¹ 2பி³-ன்னு போகலை? அங்கேயும் சரிபாதி நிரம்புமே!

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. கேட்டவர் விதியை உண்மையாகவே யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். குரோமியத்தில் 4எஸ்-க்கும் 3டி-க்கும் ஆற்றல் இடைவெளி மிகச் சிறியது. அதைத் தாண்டுவதற்கான செலவை, கிடைக்கும் பரிமாற்ற ஆற்றலே ஈடுகட்டிவிடுகிறது. கார்பனில் 2எஸ்-க்கும் 2பி-க்கும் இடைவெளி பெரியது, ஈடுகட்ட முடியாது. அதனால் தனி அணுவாக இருக்கும்போது கார்பன் 2எஸ்² 2பி²-தான். நான்கு பிணைப்பு உண்டாக்கும்போது 2எஸ்¹ 2பி³ என்ற கிளர்வு நிலையை, அதாவது ஆற்றல் பெற்று எலக்ட்ரான் மேலே ஏறிய நிலையைப் பற்றிப் பேசுகிறோமே, அங்கே அந்தச் செலவைப் பிணைப்புகள் ஈடுகட்டுகின்றன என்று சொல்லலாம்.

ஆக, 'சரிபாதி நிரம்பினால் நிலைப்பு' என்பது எங்கும் செல்லுபடியாகும் சட்டம் அல்ல, வரவும் செலவும் பார்க்கும் கணக்கு. குரோமியத்துக்கு நேர் கீழே மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹; குரோமியம் மாதிரியே. அதற்கும் கீழே டங்ஸ்டன், விளக்கின் இழை செய்வார்களே, அது 5டி⁴ 6எஸ்². அங்கே கணக்கு மறுபக்கம் சாய்கிறது. பல்லேடியம் இன்னும் ஒருபடி மேலே போய் 4டி¹⁰-ஐ நிரப்பிவிட்டு 5எஸ்-ஐக் காலியாகவே விட்டுவிடுகிறது.

4எஸ் 3டி-ன்னு எழுதறதா, 3டி 4எஸ்-ன்னு எழுதறதா?

இரண்டும் ஏற்கப்படும். முதலாவது நிரப்பும் வரிசை, இரண்டாவது கூட்டு எண் வரிசை. அணுவுக்கு இதில் வேறுபாடே இல்லை. இருந்தாலும் எழுதி முடித்தபின் கூட்டு எண் வரிசைக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் நல்லது என்பது என் கருத்து. அதன் பலன் அடுத்த கேள்வியில் தெரியும்.

இரும்பு அயனிக்கு எழுதறப்போ கடைசியா வந்த 3டி-ல இருந்துதானே எடுக்கணும்? கடைசியா வந்தவன்தானே முதல்ல போகணும்?

இந்த ஒரு நம்பிக்கைதான் இந்தப் பாடத்திலேயே அதிக மதிப்பெண்ணைத் தின்கிறது. இரும்பு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². இரண்டு எலக்ட்ரான் போனால் [ஆர்கான்] 3டி⁶. மூன்று போனால் [ஆர்கான்] 3டி⁵. எப்போதும் அதிகபட்சக் கூடு எண் உள்ளதிலிருந்துதான் முதலில் எடுக்க வேண்டும். கூட்டு எண் வரிசையில் எழுதியிருந்தால் வலது ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே வரலாம், குழப்பம் இல்லை.

ஏன் என்றால், ஆஃபா வரிசை ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறது. அப்போது எலக்ட்ரானோடு சேர்ந்து கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. அயனியாகும்போது புரோட்டான் எண்ணிக்கை மாறுவதில்லை. அது வேறு நிகழ்வு. ஸ்கேண்டியத்துக்கு வந்ததுமே 3டி கீழே இறங்கிவிடுகிறது. பொட்டாசியத்தில் மேலே இருந்த 3டி, கருவின் மின்சுமை கூடக்கூட உள்ளே இழுக்கப்பட்டு, அளவில் சுருங்கி, ஆற்றல் குறைகிறது. வெளியே பரந்து நிற்பது 4எஸ்தான். ஸ்கேண்டியம் அணு 3டி¹ 4எஸ்². ஓர் எலக்ட்ரான் போனால் 3டி¹ 4எஸ்¹, இன்னொன்றும் போனால் 3டி¹. மிஞ்சி நிற்பது 4எஸ் அல்ல, 3டி. 'அப்படியானால் ஸ்கேண்டியத்தில் மூன்றும் 3டி-யிலேயே இருந்திருக்கலாமே' என்று கேட்பீர்கள். 3டி சிறிய இடம். அங்கே எலக்ட்ரான்கள் நெருங்கினால் விலக்கம் அதிகம். அந்த நெருக்கடியைத் தவிர்க்கத்தான் இரண்டு எலக்ட்ரான்கள் விசாலமான 4எஸ்-ல் இருக்கின்றன.

எதிர்மின் அயனிக்கும் இதே மாதிரியா?

அது சுலபம். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வழக்கம்போல நிரப்புங்கள். குளோரின் 17, குளோரைடு அயனி 18, [நியான்] 3எஸ்² 3பி⁶. ஆர்கானுக்கும் இதே அமைப்பு, பொட்டாசியம் அயனிக்கும் இதே. எலக்ட்ரான் அமைப்பு ஒன்றாக இருப்பதால் அவை ஒரே பொருளாகிவிடாது. கருவில் புரோட்டான்கள் முறையே 17, 18, 19.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3பி¹-ன்னு கேள்வியில குடுத்திருக்காங்க. அச்சுப்பிழையா?

இல்லை, கிளர்வு நிலை. கூட்டினால் 11, ஆக சோடியம். கடைசி எலக்ட்ரான் 3எஸ்-ஐ விட்டு 3பி-க்கு ஏறியிருக்கிறது. இது நடக்கக்கூடியது. 2பி⁷ என்றோ 1எஸ்³ என்றோ இருந்தால்தான் பௌலி தத்துவப்படி நடக்கவே முடியாதது. வினாத்தாளில் 'அடி நிலையா, கிளர்வு நிலையா, சாத்தியமற்றதா' என்று கேட்டால் முதலில் கொள்ளளவைப் பாருங்கள், பிறகு வரிசையைப் பாருங்கள்.

இந்தச் சோடியம் வெறும் கணக்கில்லை, உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் பளிச்சென்று மஞ்சளாக மாறும். சுடரின் வெப்பத்தில் சோடியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான் 3பி-க்கு ஏறி, உடனே 3எஸ்-க்கு இறங்குகிறது. இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய மஞ்சள் ஒளியாக ஆற்றலை விடுகிறது. பழைய மஞ்சள் தெருவிளக்கிலும் இதுவேதான். மறுமுறை அடுப்பில் பொங்கும்போது, 3பி¹-லிருந்து 3எஸ்¹ என்று சொல்லிப் பாருங்கள்.

'கடைசி எலக்ட்ரானின் நான்கு குவாண்டம் எண்களைத் தருக'ன்னா எப்படி எழுதறது?

அமைப்பை எழுதினால் பாதி விடை வந்துவிட்டது. குளோரினுக்குக் கடைசி எலக்ட்ரான் 3பி⁵-ல் ஐந்தாவது. முதன்மை எண் 3. கோண உந்த எண், பி என்பதால் 1. காந்தக் குவாண்டம் எண்ணுக்குப் பெட்டி போடுங்கள்: -1, 0, +1. முதல் மூன்று அம்புகள் மூன்று பெட்டிக்கும் போய்விடும், நான்காவது -1-க்குத் திரும்பும், ஐந்தாவது 0-க்கு. அது இணை சேரும் எலக்ட்ரான் என்பதால் தற்சுழற்சி -½. பெட்டியை எந்த ஓரத்திலிருந்து எண்ணினாலும் குளோரினுக்கு 0 வந்துவிடுகிறது. ஆக்சிஜனைப் போன்றவற்றுக்கு -1, +1 என விடை மாறலாம். உங்கள் வகுப்பில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்களோ அதையே பின்பற்றுங்கள்.

லாந்தனத்துக்கு 4எஃப்¹-ன்னு வர வேண்டாமா? புத்தகத்துல 5டி¹-ன்னு இருக்கு.

அட்டவணையின் அடிப்பகுதியில் 4எஃப், 5டி, 6எஸ் மூன்றின் ஆற்றலும் மிக நெருக்கமாக இருப்பதால் வரிசை ஆங்காங்கே மாறும். லாந்தனம் [செனான்] 5டி¹ 6எஸ்². அடுத்த சீரியம் 4எஃப்¹ 5டி¹ 6எஸ்². கடோலினியம், அணு எண் 64, 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்². சரிபாதி நிரம்பிய எஃப்-ஐக் குலைக்காமல் அடுத்த எலக்ட்ரான் 5டி-யில் நிற்கிறது. பிளஸ் ஒன் அளவில் இவற்றைத் தெரிந்துவைத்தால் போதும்.

எலக்ட்ரானை யாரும் பார்த்ததில்லை. அது 2எஸ்-ல இருக்கு, 2பி-ல இருக்குன்னு எப்படி நம்பறது?

ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளந்துபார்க்க முடியும். மெக்னீசியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 738 கிலோஜூல், இரண்டாவதற்கு 1451, மூன்றாவதற்கு ஒரேயடியாக 7733. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய தாவல்தான் 3எஸ்²-க்கும் 2பி⁶-க்கும் இடையே நாம் விடும் இடைவெளி.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா? கிராஃப் தாளில் லித்தியம் முதல் ஆர்கான் வரை முதல் அயனியாக்கும் ஆற்றலைப் புள்ளி வைத்து இணையுங்கள். ஒரு வரியில் வலப்பக்கம் போகப் போக கோடு ஏற வேண்டும், ஆனால் இரண்டு இடத்தில் இறங்கும். பெரிலியம் 899, போரான் 801: போரானின் கடைசி எலக்ட்ரான் ஆற்றல் கூடிய 2பி-யில் இருப்பதால் எடுப்பது எளிது. நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314: ஆக்சிஜனில் நான்காவது அம்பு இணை சேர்ந்த இடம் அது. அடுத்த வரியிலும் அதே இரண்டு இடங்களில் இறக்கம் வரும், மெக்னீசியத்திலிருந்து அலுமினியத்துக்கு ஒன்று, பாஸ்பரசிலிருந்து கந்தகத்துக்கு ஒன்று.